பெரியவாப்பாவின் மொரிஸ் மைனர் எந்த வருடத்துக் கார்?

எங்கட பெரியவாப்பாவின் முற்றத்தில் நிற்கிற மொரிஸ் மைனரைத் தெரியாத ஆள் ஊரில் இல்லை. இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் எத்தனையோ பேர் மாப்பிள்ளையாக அதில் ஏறிப் போயிருப்பீர்கள். சின்ன வயதில் அதன் பின் பம்பரில் தொங்கி அடி வாங்கியவர்களும் இருக்கிறீர்கள். (நானும் வாங்கியிருக்கிறேன்.) அந்தக் கார் கடந்த மாதம் விற்பனைக்கு வந்தது. கடைசி மகளின் வீட்டுக்கு ஸ்லப் போட வேண்டும், கம்பி விற்கிற விலைக்கு வேறு வழியில்லை என்று பெரியவாப்பா சொன்னார்.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வாங்க வந்தார். விலை பேசுகிற நேரத்தில் ஒரே ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுவிட்டது. இது எந்த வருடத்துக் கார்?

பெரியவாப்பா 1949 என்றார். கூட்டி வந்த மெக்கானிக் பொனெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்துவிட்டு, இது 1962க்குப் பிறகு வந்த எஞ்சின், கார் 1964 அளவில் இருக்கும் என்றார். புத்தகத்தைப் பார்க்கலாம் என்றால், பழைய புத்தகம் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போய்விட்டது. பிறகு எடுத்த நகலில் உற்பத்தி வருடம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும்தான் இருக்கிறது. பதினைந்து வருட வித்தியாசம் சின்னக் காசு இல்லை. பழைய கார் சேர்க்கிறவர்களிடம் ஒரு வருடம் கூடினாலும் குறைந்தாலும் விலை மாறும்.

பெரியவாப்பாவுக்கு அது காசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. அவர் பிறந்தது 1954இல், அந்தக் காரின் பின் சீட்டில். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மூத்தம்மாவுக்கு நடுச்சாமத்தில் வலி வந்து, மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், கல்லடிப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. கார் 1964 என்று அந்த மெக்கானிக் சொன்னபோது பெரியவாப்பா எழும்பி உள்ளே போய்விட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மகன், நீ சரித்திரம் படிப்பிக்கிற ஆள்தானே, இதுக்கு ஒரு முடிவு சொல்லு" என்றார்.

வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் கல்வெட்டு, நாணயம், செப்பேடு என்று படிப்பிக்கிறோம். காரிலும் ஒரு செப்பேடு இருக்கிறது. எஞ்சின் அறைக்கும் ஆள் இருக்கிற அறைக்கும் இடையில் உள்ள தகட்டுச் சுவரில் அடித்திருக்கிற சின்ன உலோகத் தகடு அது. அதில்தான் ஷெஸி நம்பர் இருக்கும். அறுபது வருட எண்ணெய், தூசி, பெயின்ட் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எடுக்க ஒரு அஸர் நேரம் முழுக்கப் போனது.

அதை வாசிக்க முதல் இந்தக் காரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மொரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் 1906இல் உதுமானிய ஆட்சியில் இருந்த ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். 1922இல் அந்த நகரம் எரிந்த காலத்தில் குடும்பத்தோடு கப்பலேறி அகதியாகப் போனவர். பிறகு இங்கிலாந்தில் பொறியியல் படித்து மொரிஸ் கம்பனியில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே இந்தச் சின்னக் காரை வரையத் தொடங்கினார். உற்பத்திக்குப் போகிற கடைசி நேரத்தில், கார் ஒடுக்கமாக இருக்கிறது என்று மாதிரிக் காரை நடுவால் இரண்டாக வெட்டி, இரண்டு துண்டையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலம் கூட்டினார். அதற்குள் பம்பர்களைச் செய்து முடித்துவிட்டார்கள். ஆகவே முதல் வந்த கார்களில் பம்பரின் நடுவில் ஒரு துண்டு வைத்து ஒட்டுப்போட்டிருக்கும். கம்பனி முதலாளி நஃபீல்ட் பிரபுவுக்குக் கார் பிடிக்கவில்லை. உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அது வெளிவந்தது. 1971 வரை ஏறக்குறைய 16 இலட்சம் வண்டிகள் செய்தார்கள். முதல் கார் இன்றும் இங்கிலாந்தில் கேடன் என்ற இடத்தில் உள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலையில் நிற்கிறது. அதன் வரிசை இலக்கம் 501. முதல் காருக்கு 1 என்று போடவில்லை. இலக்கங்களை நம்புவதற்கு முன் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்கு அதுவே முதல் எச்சரிக்கை.

இனித் தகடு. பெரியவாப்பாவின் காரில் இருந்தது எஃப், ஏ, ஈ என்று மூன்று எழுத்து, பிறகு 21, அதன் பிறகு 46 என்று தொடங்குகிற ஆறு இலக்கம். முழு நம்பரை இங்கே போடவில்லை. கார் இப்போது இன்னொருவரின் சொத்து.

1952 தொடக்கம் 1950களின் பிற்பகுதி வரை மொரிஸ்காரர்கள் இந்த முறையைத்தான் பாவித்தார்கள். முதல் எழுத்து எஃப் என்றால் மைனர். இரண்டாவது எழுத்து உடலின் வகை: ஏ என்றால் நாலு கதவு, பீ என்றால் இரண்டு கதவு. மூன்றாவது எழுத்து தொழிற்சாலையில் பூசின நிறம். ஏ கறுப்பு, ஈ பச்சை. அடுத்த இலக்கம் எந்தச் சந்தைக்கு என்பது. 1 என்றால் இங்கிலாந்திலேயே விற்க, 2 என்றால் வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த ஏற்றுமதிக் கார், 3 என்றால் இடப்பக்க ஸ்டியரிங் ஏற்றுமதி. கடைசி இலக்கம் பெயின்டின் வகை.

ஆக, தகடு சொல்வது இதுதான்: நான் மைனர், எனக்கு நாலு கதவு, நான் பச்சை நிறம், என்னைச் செய்ததே வெளிநாட்டுக்கு அனுப்ப.

பெரியவாப்பா உடனே சிரித்துவிட்டார். "பச்சையா? இது எப்பவும் வெள்ளைக் கார்தான் மகன்." எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தும் அது வெள்ளைதான். அவருக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தும் அப்படித்தானாம். தகட்டை யாரோ வேறு காரிலிருந்து கழற்றி அடித்திருப்பார்கள் என்று அந்த மெக்கானிக்கும் சொன்னார். அது நடக்காத விஷயம் இல்லை. மைனருக்குத் தனியான ஷெஸி கிடையாது, உடலே ஷெஸி. அதனால் ஷெஸி நம்பர் என்பது ஒரு தகட்டிலேயே தொங்குகிறது. இரண்டு செத்த கார்களைச் சேர்த்து ஒரு காராக எழுப்புவது நம் நாட்டு கராஜ்களில் புதினமும் இல்லை.

தகடு பொய்யா உண்மையா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே, வயர்கள் போகிற இடத்துக்குப் பின்னால், யாரும் பெயின்ட் அடிக்கக் கஷ்டப்படாத ஒரு மூலை இருக்கிறது. அங்கே ஒரு பழைய பிளேடால் மெல்லச் சுரண்டினேன். முதலில் வெள்ளை. அதற்குக் கீழே சாம்பல் நிற அண்டர்கோட். அதற்குக் கீழே கரும்பச்சை. அதற்குக் கீழே இரும்பு.

பெரியவாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வரிசை இலக்கத்துக்கு வருவோம். 1956 ஒக்டோபரில் மைனரை நிறைய மாற்றி மைனர் 1000 என்று வெளியிட்டார்கள். அதுவரை முன் கண்ணாடி நடுவில் கம்பி வைத்து இரண்டு துண்டாக இருந்தது. 1000இல் அது வளைந்த ஒரே கண்ணாடி. பின் கண்ணாடியும் பெரிதானது. எஞ்சின் 803 சீசீயிலிருந்து 948 ஆனது. அந்த மாற்றம் வருகிற இடத்தில் வரிசை இலக்கம் நாலு இலட்சத்து நாற்பத்தெட்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. எங்கட கார் நாலு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். முன் கண்ணாடியும் ஒற்றைக் கண்ணாடி, பின் கண்ணாடியும் பெரிசு. அந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒரு இலட்சத்துக்குக் கிட்ட மைனர் செய்தார்கள். ஒரு இலட்சத்தை 12ஆல் பிரித்தால் மாதத்துக்கு எண்ணாயிரத்துச் சொச்சம். மாற்றத்துக்குப் பிறகு பன்னிரண்டாயிரம் முதல் இருபதாயிரம் கார் வரை என்றால், ஏறக்குறைய ஒன்றரை மாதம் முதல் இரண்டரை மாதம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கிற கணக்கு. விடை 1956 கடைசி, அல்லது 1957 தொடக்கம்.

வரிசை இலக்கத்தை வைத்துக் கணக்குப் பார்ப்பது விளையாட்டு வேலை இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவாளிகள் சொன்ன தொகை 1,550. பிடிபட்ட டாங்கிகளில் இருந்த வரிசை இலக்கங்களை வைத்துப் புள்ளிவிபரக்காரர்கள் கணக்கிட்டது 327. போர் முடிந்த பிறகு ஜெர்மன் பதிவேடுகளைப் பார்த்தால் உண்மைத் தொகை 342. உளவாளிகளை விட இலக்கங்கள் நம்பகமாக இருந்தன.

ஆனால் இலக்கமும் சில இடத்தில் காலை வாரும். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியக் கார் ஒன்று அந்தத் தொகையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கொண்டாட லைலக் நிறத்தில், ஊதாப்பூ நிறம் என்று வையுங்கள், 350 கார் செய்து பத்து இலட்சத்தை ஒட்டிய விசேஷ இலக்கங்களைக் கொடுத்தார்கள். சாதாரண வரிசையோ 1962இலும் பத்து இலட்சத்தைத் தொடவில்லை. அட்டவணையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடுகிறவன் அந்த ஊதாக் கார் ஒன்றைக் கண்டால் இரண்டு வருடம் பிழைவிடுவான். அதனால்தான் இலக்கத்தை மட்டும் பார்க்காமல் கண்ணாடி, பெயின்ட், சிக்னல் கை என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிக்னல் கை என்றால் கதவுத் தூணிலிருந்து வெளியே நீளுகிற அந்தச் சின்ன மஞ்சள் கை. 1961 வரைக்கும் மைனருக்கு அதுதான். பெரியவாப்பாவின் காரில் கையை எடுத்துவிட்டார்கள். ஆனால் தூணில் அது இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்த அடையாளம் கையால் தடவினால் தெரிகிறது.

மெக்கானிக் சொன்ன 1964 எங்கிருந்து வந்தது? அவர் பிழையாகச் சொல்லவில்லை. எஞ்சினில் இருக்கிற நம்பர் 10 எம் ஏ என்று தொடங்குகிறது. அது 1098 சீசீ எஞ்சின். 1962 ஒக்டோபருக்கு முன் மைனரில் அது கிடையாது. 1956இல் வந்த 948 சீசீ எஞ்சின் என்றால் ஏ பீ ஜே எம் என்று தொடங்க வேண்டும். அதாவது எஞ்சின் மாறியிருக்கிறது. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுகிப் போனது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரைக்கும் இருக்கிற காரைத்தான் ஒட்டி ஒட்டி ஓட்ட வேண்டியிருந்தது. ஒரு காரின் எஞ்சின் இன்னொரு காருக்குப் போனது, கதவு வேறொன்றுக்குப் போனது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கைகள் எவ்வளவு தேர்ந்தவை என்றால், 1990களில் காலிப் பக்கத்தில் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். கார் பிறந்த நாட்டுக்கு நம் நாட்டு மட்காட் போனது.

எனவே எஞ்சினை வைத்துக் காரின் வயதைச் சொல்ல முடியாது. இது எல்லாக் காருக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்ட் செய்த மொடல் ரீ காரில் எஞ்சினில் வெட்டியிருக்கிற நம்பர்தான் காரின் நம்பரே. அங்கே எஞ்சினை மாற்றினால் காரின் வயதும் சேர்ந்து மாறிவிடும்.

இன்னொரு சாட்சி எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இவ்வளவு காலமும் இருந்தது. நம்பர் பிளேட். 1 ஸ்ரீ. 1950களின் முதல் பாதியில் இலங்கையில் பதிந்த கார்களுக்கு ஈ எல், ஈ என், ஈ வை என்று ஆங்கில எழுத்துகள்தான். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லில் இருந்து எடுத்த எழுத்துகள் அவை. அதன் பிறகுதான், 1956 முடிந்து 1957 தொடங்குகிற காலத்தில், சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. 1957இல் வடக்குக் கிழக்கில் தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் தொடங்கியதும், 1958இல் புதிதாக அரசுடைமையான பஸ்கள் அந்த எழுத்தோடு வடக்கே போனபோது தார் பூசினதும், அதற்குத் தெற்கில் பதிலுக்குத் தமிழ் எழுத்துகளில் தார் பூசினதும், அதே ஏப்ரலில் பண்டா – செல்வா ஒப்பந்தம் கிழிக்கப்பட்டதும் நாங்கள் பத்தாம் பதினொராம் வகுப்பில் படிப்பிக்கிற பாடம். நம் நாட்டில் ஒரு வண்டிக்குக் கொடுத்த நம்பர் பொதுவாக அதன் ஆயுள் முழுக்க மாறாது. 1949இல் வந்த காருக்கு 1 ஸ்ரீ கிடைத்திருக்க முடியாது. பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தினவன் நான். ஆனால் சொந்தப் பெரியவாப்பாவின் முற்றத்தில் நிற்கிற பிளேட்டை ஒரு நாளும் வாசிக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. 1956 நவம்பர் தொடக்கத்தில் சுயெஸ் கால்வாய் மூடப்பட்டது. எகிப்து கால்வாயைத் தேசியமயமாக்கியதற்காக இஸ்ரேலும் பிரித்தானியாவும் பிரான்ஸும் தாக்கிய காலம் அது. 1957 ஏப்ரலில்தான் முழுசாகத் திறந்தது. ஒக்ஸ்போர்ட் பக்கத்தில் கௌலித் தொழிற்சாலையிலிருந்து அந்த மாதங்களில் புறப்பட்ட கார் ஒன்று கொழும்புக்கு வர ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த ஒரு பச்சை நிற மைனர். இவ்வளவு காலமும் அதில் நாங்கள் ஐஸ்கிறீம் வாங்கப் போயிருக்கிறோம்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மஃரிபுக்குப் பிறகு பெரியவாப்பாவிடம் கொண்டுபோனேன். கார் செய்தது 1956 கடைசி அல்லது 1957 தொடக்கம். எஞ்சின் அதன் சொந்த எஞ்சின் இல்லை.

அவர் தாளை வாங்கவே இல்லை. "நான் பிறந்தது 54ல" என்றார்.

"ஓம் பெரியவாப்பா."

"அப்ப உம்மா பொய் சொல்லியிருக்காவா?"

என்னிடம் பதில் இல்லை. சுனாமியில் அந்த வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. மூத்தம்மாவின் ஒரு படம்கூட அவரிடம் மிஞ்சவில்லை. கடல் வந்த நாளில் கார் பிரதான வீதிப் பக்கம் கராஜில் நின்றபடியால் அது தப்பியது. அவருக்கு உம்மாவின் ஞாபகமாக மிஞ்சினது அந்தப் பின் சீட்டுத்தான். அதைத்தான் நான் ஒரு மண்ணெண்ணெய்த் துணியாலும் பிளேடாலும் எடுத்துப் போட்டுவிட்டேன். ஏன் இந்த வேலைக்கு வந்தோம் என்று இருந்தது. அவர் கோபத்தில், அப்படியென்றால் என் பிறப்புச் சான்றிதழ்தான் பிழை என்றும் சொன்னார். மாமி சிரித்துவிட்டா. அவர் சிரிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் போனேன். அந்தக் கதையை ஒருமுறை முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எத்தனையோ தடவை கேட்ட கதைதான். ஆனால் இந்த முறை எழுதிக்கொண்டேன். மழை நாள். லாந்தர் வெளிச்சம். மூத்தவாப்பாவே காரை ஓட்டினார். பக்கத்து வீட்டு மருத்துவிச்சியும் கூட ஏறினா. மூத்தம்மாவை ஏற்றுவதுதான் பெரிய பாடு. அவ எப்போதும் சொல்வாவாம்: "முன் சீட்டை மடிச்சி, மூணு பேர் புடிச்சி, சாக்கு மூட்டை ஏத்துற மாதிரி என்னைப் பின்னால ஏத்தின."

நான் எழுதுவதை நிறுத்தினேன். "முன் சீட்டை மடிச்சா?"

"ஓம். அதுதானே பெரிய கஷ்டம் எண்டு சொல்லுவா."

"பெரியவாப்பா, நம்மட காருக்கு நாலு கதவு. பின் சீட்டுக்குத் தனிக் கதவு இரிக்கி. முன் சீட்டை ஏன் மடிக்கணும்?"

அவர் எழும்பி முற்றத்துக்குப் போனார். பின் கதவைத் திறந்தார், மூடினார். முன் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். திரும்ப ஒருமுறை பின் கதவைத் திறந்தார்.

முன் சீட்டை மடித்துப் பின்னால் ஏறுவது இரண்டு கதவு மைனரில். மைனர் வந்த முதல் இரண்டு வருடமும் நாலு கதவு மொடலே இல்லை. 1950 இலையுதிர் காலத்தில்தான் அது வந்தது. மூத்தவாப்பா 1949இல் கார் வாங்கினார் என்ற கதையும் அப்போது சரியாகப் பொருந்துகிறது. அவர் 1949இல் வாங்கினது வேறு மைனர், இரண்டு கதவு மைனர். 1957இல் அதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்திருக்கிறார். பெரியவாப்பாவுக்கு அப்போது மூன்று வயது. வீட்டில் எப்போதும் ஒரு மொரிஸ் மைனர் நின்றபடியால் அவருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. மூத்தம்மா ஒரு சொல்லும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

இதைக் கேள்விப்பட்டு கண்டிப் பக்கம் கலியாணம் கட்டிப் போன மாமி ஒருவர் ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினா. இவ்வளவு காலமும் அவவின் அல்பத்தில் இருந்த படம். யாரோ ஹஜ்ஜுக்குப் போகிற பயணம் சொல்லுகிற கூட்டம். தொப்பி போட்ட பதினைந்து இருபது பேர், அவர்களுக்குப் பின்னால் ஒரு கார். அதன் ஹெட்லைட் இரண்டும் மட்காட்டில் இல்லை. கீழே, முன் கிரிலுக்குள்ளே, மூக்குக்கு இரண்டு பக்கமும் கண் வைத்த மாதிரி இருக்கின்றன. மைனரில் அப்படி வந்தது 1948 தொடக்கம் 1950 வரைக்கும்தான். 1951இலிருந்து லைட் மேலே ஏறிவிட்டது. நம்பர் பிளேட்டை ஒருவரின் சாரம் மறைத்துக்கொண்டு நிற்கிறது. அந்த ஆள் ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்! படத்தின் ஓரத்தில், ஜன்னல் நிழலில், முக்காட்டோடு ஒரு பெண் நிற்கிறா. முகம் பாதிதான் தெரிகிறது. அது மூத்தம்மாதான் என்கிறார் பெரியவாப்பா. மாமியும் அப்படித்தான் சொல்கிறா. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அந்தப் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தார். காரையும் பார்த்தார், ஜன்னலையும் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாங்க வந்த தம்பியைக் கூப்பிட்டார். 1949 என்று நான் சொன்னது பிழை, 56 – 57 என்பதுதான் சரி, எஞ்சின் வேறு காருடையது, சிக்னல் கை இருந்த இடம் அடைத்திருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்து எடு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தம்பி 1964 என்று நினைத்திருந்தபடியால் அவருக்கு இது நல்ல செய்திதான். பெரியவாப்பா முதலில் கேட்ட விலை கிடைக்கவில்லை, தம்பி முதலில் சொன்ன விலையிலும் நிற்கவில்லை. திரும்பப் பச்சை நிறமே அடிக்கப் போகிறாராம். கேடனில் உள்ள அந்த நூதனசாலையில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன, காசு கட்டினால் காரைச் செய்த திகதியோடு ஒரு சான்றிதழ் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். விண்ணப்பிப்பதாகச் சொன்னார். வந்தால் என் கணக்கு எவ்வளவு பிழை என்று தெரியும்.

காரை எடுத்துக்கொண்டு போகிற நேரம் பெரியவாப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்து நான் பக்கத்தில் நின்றேன். அவர் கேற்றைத் திறந்துவிட்டு வந்து, "நான் பிறந்த கார் இது இல்லையெண்டா விக்கிறதுக்கு என்ன" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அந்தக் கார் எங்க இரிக்கும் மகன்?" என்று கேட்டார்.

அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்கள் வீட்டிலோ, ஹெட்லைட் கிரிலுக்குள் இருக்கிற இரண்டு கதவு மொரிஸ் மைனர் ஒன்று இருந்ததா? 1957 அளவில் எங்கள் ஊர் நெல் வியாபாரி ஒருவரிடமிருந்து வந்ததாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? காராக இருந்தாலும் சரி, பற்றைக்குள் கிடக்கிற கூடாக இருந்தாலும் சரி, எஞ்சின் அறைப் பின்சுவரில் உள்ள தகட்டைத் துடைத்து ஒரு படம் எடுத்து இன்பொக்ஸில் அனுப்புங்கள். பழைய கலியாணப் படங்களையும் ஒருக்கா புரட்டிப் பாருங்கள், பின்னால் நிற்கிற கார்களின் லைட் எங்கே இருக்கிறது என்று. பெரியவாப்பா இப்போது இஷாவுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்கிறார்.